குதிரை லயத்தில் தொங்கிய கூடைகள்

லொறி ஏறினால் முனகக்கூட முனகாத மரப்பாலம் இரண்டு. அட்டனில் மூன்று மாடிக் கடை ஒன்று. மாரியம்மனுக்கு ஒரு தேர். காற்று மூன்று தடவை தூக்கிக்கொண்டு போன பள்ளிக்கூடக் கூரையை நாலாவது தடவை நான் போட்டேன், அதற்குப் பிறகு காற்று அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கதவு, ஜன்னல் எத்தனை என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கொத்மலைப் பக்கம் எந்த வீட்டுக்காவது போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று வந்தால் அது என் கதவு.

இத்தனையும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவனின் கை வேலை. படித்தவர்கள் கடதாசியில் கோடு போட்டுக் காட்டுவார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு என் மனதில் உள்ளபடி கட்டுவேன். கட்டி முடிந்ததும் அவர்கள் தங்கள் கோட்டை அதற்கேற்ற மாதிரி திருத்திக்கொள்வார்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இருபத்து நாலு வயதில் நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. ஒரு குதிரை லயத்தை, குதிரை கட்டிய பழைய கொட்டகையை, படம் பார்க்கிற அறையாக மாற்றினேன். தியேட்டர் இல்லை, தியேட்டரைத்தான் யாரும் கட்டுவார்களே. இது ஒரு வீட்டோடு ஒட்டிய அறை. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை. இன்றைக்குக் கொழும்பில் பணக்காரர்கள் அப்படி வைத்திருக்கிறார்களாம், பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது தன்னிடம் இருந்த படம் காட்டும் மெஷினை எங்கள் துரைக்கு விற்றுவிட்டுப் போனார். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கிய அந்தப் பெட்டியை நாலு பேர் சுமந்து வந்தார்கள். முன்னால் சுமந்தவர்களில் நான் ஒருவன். அப்போது நான் மலையில் மண்வெட்டி பிடிக்கிறவன். ஓய்ந்த நேரத்தில் கத்திப் பிடி, கட்டில் கால், பெட்டி மூடி என்று செய்து கொடுப்பேன். தோட்டத்து வேக்ஷொப்பில், அதாவது பட்டறையில், இருந்த பழைய பாஸ் (தச்சு வேலைக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) கொழும்புக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. என் கண் அதன் மேல்தான்.

பெட்டியை இறக்கி வைத்ததும் துரை என்னைப் பார்த்தார்.

"நீதானே மரவேலை செய்யறது?"

"ஆமாங்க தொரை."

"இந்தக் குதிரை லயம் சும்மா கெடக்கு. படம் பாக்கிற ரூமா மாத்த முடியுமா?"

"செஞ்சிருவேங்க தொரை."

"அந்த மாதிரி ரூம் நீ பாத்திருக்கியா?"

"இல்லீங்க தொரை."

"அப்புறம் எப்படிச் செய்வே?"

நீங்களும்தான் பார்த்ததில்லை என்று சொல்ல வாய் துடித்தது. "நல்லா செய்வேங்க தொரை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் என் கூட்டாளிங்க வர்றாங்க. ரூம் நல்லா வந்தா வேக்ஷொப் பாஸ் வேலை உனக்குத்தான், நிரந்தரமா. கெட்டுப் போச்சு, மறுநாளே மம்பட்டியத் தூக்கிட்டு மலைக்குப் போ. சரியா?"

"சரிங்க தொரை."

அதுதான் பேச்சு. அந்த மாதம் முழுக்க எனக்கு நடந்த மாதிரியே இல்லை, ஓடினேன், குதித்தேன். உளி பிடித்தால் உளி பாடியது.

குதிரை போய்ப் பல வருடமாகியும் குதிரை நாற்றம் போகவில்லை. மழை பெய்தால் சுவரிலிருந்து கிளம்பும். துரைசாணி மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தேயிலைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைக்க விடமாட்டார்கள், ஏனென்றால் தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பாக்டரியில் நுழைந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். அப்படியானால் குதிரை வாடையை மட்டும் ஏன் இழுக்காது? பாக்டரியில் கொட்டிக் கிடந்த கழிவுத் தேயிலையைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து தரையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினேன். ஒரு வாரம் கழித்து அள்ளிக் கொட்டினேன். குதிரை போய்விட்டது. துரைசாணி உள்ளே வந்து மூச்சை இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்தது இருக்கை. தரை மட்டமாக இருந்தால் முன்னால் இருப்பவரின் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று துரை கவலைப்பட்டார். எனக்குக் கவலையே இல்லை. தேயிலை மலையில் வளர்ந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? கீழ் வரிசைச் செடி மேல் வரிசைச் செடியை மறைக்கிறதா? மண்ணைக் கொட்டி, கல்லை அணைத்து, ஒரு சின்ன மலையையே அறைக்குள் கட்டினேன். ஐந்து படி. ஒவ்வொரு படியிலும் தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்து, தேங்காய் நார் அடைத்த மெத்தையைத் தைத்துப் போட்டேன். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத் தாளைப் பிரித்து விளக்குகளுக்குக் குல்லா செய்தேன். விளக்கைப் போட்டால் கூரை முழுக்க மீன் செதில் மாதிரி மினுங்கும். அதை அழகு என்று சொல்ல நான் யார், பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திரைச்சீலைக்குச் சிவப்புத் துணி வாங்க அட்டனுக்குப் போனேன். நாங்கள் நாநா என்று கூப்பிடுகிற ஜவுளிக்கடைக்காரர் நான் கேட்ட அளவைக் கேட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னத்துக்கு தம்பி இவ்வளவு சேப்புத் துணி? தொர ரெண்டாங் கலியாணம் முடிக்கப் போறாரா?"

"படம் பாக்கிற ரூமுக்கு நாநா. நான் கட்டுறேன்."

"நீயா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கொஞ்சம் கூடுதலா வாங்கிக்கோ. கிழிஞ்சா ஒட்டுப் போடலாம்."

இப்படித்தான் உலகம் என்னை நம்பியது. படம் விழுகிற சுவருக்குச் சுண்ணாம்பில் ஒரு துளி நீலம் கலந்து மூன்று கை பூசி, போத்தல் அடியால் தேய்த்துத் தேய்த்து முட்டை ஓடு மாதிரி ஆக்கினேன். சுவரில் குதிரைச் சேணம் மாட்டுகிற மர முளைகள் வரிசை வரிசையாக நின்றன. அதையெல்லாம் பிடுங்கிவிடு என்று துரை சொல்லியிருந்தார். நல்ல வைரம் பாய்ந்த மரம். பிடுங்க மனசு வரவில்லை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, துரை மெஷினை வைத்து ஓட்டிப் பார்த்தார். படம் விழுந்தது. ஐயோ, என்ன வெளிச்சம்! ஒரு வெள்ளைக்காரி சுவரில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம் அவள் வாயைத் திறந்தாள்.

கல் சுவர், தகரக் கூரை. அவள் ஒரு வார்த்தை பேசினால் அது நாலு சுவரிலும் முட்டி, கூரையில் ஏறி, திரும்பி இறங்கி, அடுத்த வார்த்தையின் மேல் விழுந்தது. தண்ணீர்ப் பீப்பாய்க்குள் பத்துப் பேர் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. துரை மெஷினை நிறுத்தினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான், ஆனால் இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் புரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நாளைக்கு மத்தியானம் இன்னொரு வாட்டி பாப்பேன். இதே சத்தம் வந்தா ரூம் வேணாம். திங்கக்கெழமை நீ மலையில."

ஆனால் நான் அசரவில்லை. அசந்தேன், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கோயிலை நினைத்தேன். ஆள் இல்லாத கோயிலில் ஒரு மணி அடித்தால் நாலு மணி அடிக்கிற மாதிரி கேட்கும். திருவிழாவில் கூட்டம் நிறைந்தபோது அதே மணி ஒரே தரம்தான் கேட்கும். அப்படியானால் ஆளை நிரப்பினால் சத்தம் அடங்கும்.

"தொரை, நாளைக்கு ஒரு இருவது பேரைக் கூட்டியாந்து உக்கார வச்சுப் பாக்கலாமுங்களா? ஆளிருந்தா சத்தம் கொறையும்."

"இருவது பேர். அதுக்கு மேல வேணாம்."

எங்கள் மாமா ஒருவர் தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர். காலையில் வேலைக்குக் கூப்பிட, பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் நின்று அடிப்பார். அந்த அடி கேட்டால் நாங்கள் குடியிருக்கிற பத்து லயமும் எழுந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவரிடம் போனேன்.

"மாமா, மத்தியானம் பங்களாவில படம். இருவது பேருக்கு மட்டும் சொல்லி அனுப்புங்க."

"செஞ்சிர்றேன் மாப்ள. நீ போ, வேலையப் பாரு."

அவர் செய்தார். ஆனால் அன்றைக்குத் தூறல். லயம் லயமாக ஏறி இறங்கி நடக்க மாமாவுக்கு மூட்டு வலி. ஆகவே பெரட்டுக் களத்துக்கு ஏறிப் போய்த் தப்பை எடுத்தார். அவருக்குத் தெரிந்த அடி ஒன்றுதான், தோட்டத்துக்குத் தெரிந்த அடியும் ஒன்றுதான். வேலைக்கு வா என்கிற அடி.

ஞாயிற்றுக்கிழமையில் அந்த அடி கேட்டால் அர்த்தம் ஒன்றே ஒன்று: கொழுந்து முற்றிவிட்டது, அன்றைக்குப் பறித்தால் அன்றைக்கே கையில் காசு. விடுவார்களா? நான் அறை வாசலில் நின்று பார்க்கிறேன், பங்களாவுக்குப் போகிற பாதை முழுக்கத் தலைகள். பெண்கள் முதுகில் கூடை, தலையில் கம்பளி. ஆண்கள் கையில் கவ்வாத்துக் கத்தி. இருபது பேர் எங்கே? தோட்டமே வருகிறது. முன்னால் கங்காணி, "வரிசையா வாங்க, வரிசையா" என்று கத்திக்கொண்டு. எந்த மலைக்குப் போவது என்று தெரியாமல் தப்புச் சத்தம் வந்த களத்தில் நின்றிருக்கிறார்கள், மாமா "பங்களாவுக்குப் போங்க" என்று கையைக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான்.

துரை மாடி ஜன்னலைத் திறந்தார். கத்தியும் கூடையுமாகத் தன் வாசலில் தோட்டம் முழுக்க நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் நான் பூசிய சுவர் மாதிரி ஆகிவிட்டது.

"என்னா இது? ஸ்ட்ரைக்கா?"

"இல்லீங்க தொரை!" நான் கீழேயிருந்து கத்தினேன். "படம் பாக்க வந்திருக்காங்க!"

"கத்தியோடயா?"

கங்காணி என் பக்கம் திரும்பினார். "படமா? கொழுந்து இல்லியா? டேய், எவண்டா தப்படிக்கச் சொன்னது?"

கூட்டத்தில் ஒரு பெண் குரல்: "அதான் பாத்தேன். பங்களாவுக்குள்ள என்னா கொழுந்து பறிக்கச் சொல்றாங்கன்னு."

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மலை முழுக்க உருண்டது. துரையும் சிரித்தார், பயம் விட்ட சிரிப்பு. பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கத்திக்காரர்களைக் கங்காணியே ஓட்டிக்கொண்டு போனார். அதற்குள் தூறல் பெரிய மழையாகிவிட்டது. மிச்சம் இருந்த அறுபது எழுபது பெண்களை வெளியே நிறுத்தவும் முடியாது, நாலு மைல் நனைந்துகொண்டு போ என்று சொல்லவும் முடியாது. துரை கையை விரித்தார். "உள்ள விடு."

உள்ளே விட்டால் கூடைக்கு இடமில்லை. கூடையோடு உட்கார்ந்தால் ஒரு ஆளுக்கு மூன்று ஆள் இடம் வேண்டும்.

"கூடையெல்லாம் வெளிய வச்சிட்டு வாங்க" என்றேன்.

"நல்லா இருக்கே நாயம்! ஈரக்கூடைய நாளைக்குக் காலையில ஒங்க தலையில மாட்டிக்கிறீங்களா?" என்றாள் ஒருத்தி. தப்படித்த மாமாவின் மகள்தான். எனக்கு முறைப்பெண். அந்த வாய்க்கு நான் ஏற்கெனவே பயந்தவன்.

"அப்ப எங்கதான் வைக்கிறது?"

அவள் என்னிடம் பேச்சை வளர்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். நான் பிடுங்காமல் விட்ட குதிரை முளையில் தன் கூடையின் கயிற்றை மாட்டினாள், பக்கத்து முளையில் ஈரக் கம்பளியை விரித்துப் போட்டாள், படியேறிப் போய் உட்கார்ந்தாள். "இதுக்குத்தானே மச்சான் முளை வச்சிருக்கீங்க?"

"ஆமா. இதுக்குத்தான்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

ஒருத்தி மாட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஐந்து நிமிடத்தில் சுவரெல்லாம் கூடை. முளை தீர்ந்ததும் நான் கூரைக் கட்டையில் கயிறு கட்டி மிச்சக் கூடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன், சுவரோரம் சேணம் போட்டு வைக்க இருந்த பழைய கம்பிகள் முழுக்கக் கம்பளிகளைப் போட்டேன். துரை மெஷினைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சில நிமிடத்தில் நான் பாஸா, மம்பட்டியா என்று தெரிந்துவிடும்.

வெளிச்சம் விழுந்தது. வெள்ளைக்காரி வந்தாள், சிரித்தாள், வாயைத் திறந்தாள்.

ஒரு குரல். ஒரே ஒரு குரல்! சுவரில் முட்டப் போன சத்தத்தைக் கூடைகள் வாயைத் திறந்து விழுங்கிவிட்டன. மிச்சத்தைக் கம்பளி குடித்துவிட்டது. அவள் மூச்சு விடுவது கேட்டது. கப்பை வைக்கிற சத்தம் கேட்டது. கூரைமேல் மழை கூடத் தூரத்தில் பெய்கிற மாதிரி இருந்தது. நான் துரையைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவேயில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், எழுந்தார், ஒரு தடவை கையைத் தட்டிப் பார்த்தார். டப். அவ்வளவுதான், எதிர்ச்சத்தம் இல்லை. கைதட்டச் சொல்கிறார் என்று நினைத்து அறுபது பெண்களும் தட்டினார்கள்.

"அவ என்னாடி சொல்றா?" என்றார் கீழ்ப்படியில் ஒரு அக்கா.

"புருசன் சம்பளத்தக் குடிச்சிட்டு வந்துட்டானாம்" என்றாள் மாமா மகள்.

"அங்கயுமா?"

துரைக்குத்தான் தமிழ் புரியுமே. மெஷின் குலுங்கச் சிரித்தார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் என்னைக் கூப்பிட்டார். "இந்தக் கூடை யோசனை யாருது?"

"என்னுதுங்க தொரை. அதுக்குத்தான் முளையப் பிடுங்கல."

பொய்தான். ஆனால் முளையைப் பிடுங்காதது நான்தானே.

"திங்கக்கெழமை வேக்ஷொப்புக்கு வா, பாஸ்" என்றார். முதல் தடவையாக ஒரு துரை வாயிலிருந்து எனக்கு அந்தச் சொல். வெளியே மழையில் குதித்தேன். சத்தியமாகக் குதித்தேன். வழுக்கி விழுந்து, சேற்றோடு எழுந்து மறுபடி குதித்தேன். கூடையை மாட்டிக்கொண்டு போன மாமா மகள் நின்று பார்த்துவிட்டு, "பாஸுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த தையில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

விருந்தாளிகள் வருவதற்குள் துரைசாணி புதுக் கூடைகளும் புதுக் கம்பளிகளும் வாங்கிக் கொடுத்தார். பெரியது, சிறியது என்று அடுக்கி நான் மாட்டினேன். வந்த துரைமாரெல்லாம் வாயைப் பிளந்தார்களாம். ஒருவர் போட்டோ பிடித்தார். என்ன அழகு, யார் யோசனை என்று அவர்கள் கேட்டதற்குத் துரைசாணி நாணத்தோடு சிரித்தாராம், மறுக்கவில்லையாம். பங்களா சமையல்காரர் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது, பெயர் எதற்கு என்று அப்போது நினைத்தேன்.

இப்போது நினைக்கவில்லை. அந்தப் பங்களா இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போகிற ஹோட்டல். போன மாதம் போய்ப் பார்த்தேன். என் படி அப்படியே இருக்கிறது, என் சுவரில் ஒரு வெடிப்புக் கிடையாது, முளைகளில் கூடை தொங்குகிறது. வாசலில் இங்கிலீஷில் எழுதிய பித்தளைப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கிற பெண்ணிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். இந்த அறையைத் துரை கட்டினாராம். கூடைகளால் அலங்கரித்தது துரைசாணியின் கலை ரசனையாம்.

துரை ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்ததில்லை. துரைசாணி நல்ல மனுஷி, அவர் மூக்குக்கு நான் செய்த உபகாரத்தைச் சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

ஹோட்டல் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பலகையில் கடைசி வரிக்குக் கீழே நாலு விரல் இடம் இருக்கிறது. சட்டைப்பையில் இருந்த அடிமட்டத்தால் நானே அளந்து பார்த்துவிட்டு வந்தேன். அதில் என் பெயரை எழுதுங்கள், பாஸ் என்று சேர்த்து எழுதுங்கள். முதல் கூடையை மாட்டியவள் பெயரையும் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட வேண்டும், இதை எழுதும்போது அவள் என் பின்னால்தான் நிற்கிறாள். இடம் போதாது என்று சொல்வீர்களானால் பலகை நான் செய்து தருகிறேன். ஆணியும் கொண்டுவருகிறேன். எங்கே அடிப்பது என்று எனக்குத் தெரியும்.